களப்புக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர்

விவசாயப் போதனாசிரியர் என்றால் நெல்லைப் பற்றிக் கதைக்கிற ஆள் என்றுதான் வேலைக்குச் சேரும்போது நானும் நினைத்திருந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நெல் ஒருநாளும் எதிர்த்துக் கதைக்காது. நெல்லை விதைக்கிறவரும் அவருக்குப் பக்கத்தில் வலை வீசுகிறவரும்தான் கதைப்பார்கள் என்று. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக அலைகிற கிராம அலுவலர்களே, குடும்பநல மாதுக்களே, கடற்றொழில் பரிசோதகர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது உருத்திரபுரம். அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணீரில் விளைகிற வயல். மதகைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். இதுதான் எனக்குத் தெரிந்த உலகம். என்னை அனுப்பியதோ முல்லைத்தீவுக் கரைக்கு. என் பிரிவின் கடைசி வயல்கள் நாயாற்றுக் களப்பின், அதாவது கடலோரத்து உவர்நீர் ஏரியின், ஓரத்தில் போய் முடிகின்றன. வயலுக்கும் களப்புக்கும் நடுவில், உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கிற கண்டல் மரங்களும் புல்லும் வளர்ந்த ஒடுக்கமான சதுப்பு நிலம். அது பாதுகாக்கப்பட்ட நிலம், அதில் வெட்டவும் கூடாது, உழவும் கூடாது. களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. மாரி மழைக்குக் களப்பு நிரம்பும்போது அந்தத் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். அந்த இடத்துக்குப் பெயர் முகத்துவாரம். வெட்டப் பிந்தினால் வயல் தண்ணீரில் தாழும். முந்தினால் வளராத இறால் எல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். எப்போது வெட்டுவது என்பதுதான் எங்கள் பக்கத்தின் பெரிய கேள்வி. இவ்வளவும் தெரிந்தால் போதும், வாருங்கள்.

முதல் கூட்டம்

வந்த புதிதில் வயல்காரரின் சங்கமான கமக்காரர் அமைப்பின் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைத்தேன். கண்டல் மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதைக் காட்டுகிற பெரிய படம் ஒன்றை நானே வர்ணம் தீட்டிக் கொண்டுபோயிருந்தேன். மின்விசிறி வேலை செய்யவில்லை. அந்தப் படத்தை ஒருவர் வாங்கி விசிறிக்கொண்டிருந்தார். "களப்போரத்துக் கண்டலை விட்டு வையுங்கோ, அது உங்கட வயலைத்தான் காக்குது" என்று அரை மணித்தியாலமாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இப்படி எல்லாரும் தலையாட்டினால் பயப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசிக் கதிரையில் இருந்தவர் எழும்பினார். பெயர் தம்பிராசா. களப்பை ஒட்டிக்கொண்டு கிடக்கிற கடைசி வயல் அவருடையது. "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். உருத்திரபுரம் என்றேன். "அங்க கண்டல் நிக்குதோ?" இல்லை என்றேன். சபை சிரிப்பதற்குத் தயாராகிவிட்டது. தம்பிராசா அண்ணை மட்டும் சிரிக்காமல், மெத்த மரியாதையாகக் கேட்டார்: "அப்ப, கண்டல் இல்லாமல்தானே உங்கட அப்பா நெல்லு விளைவிச்சு, உங்களைப் படிப்பிச்சு, இஞ்ச அனுப்பினவர்?"

ஆறப்போகிற தேத்தண்ணி

மாரி மழையோடு தொடங்கும் காலபோக விதைப்புக்கு முன்னர் ஒருநாள் களப்போரமாகப் போய்க்கொண்டிருந்தேன். கோடரிச் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரம்பில் நடந்துபோய்ப் பார்த்தால், தம்பிராசா அண்ணை சதுப்புக்குள் நின்று கண்டலை வெட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நீளத் துண்டு நிலம் வெறுமையாகிவிட்டது. வெட்டிய மரங்களை எரித்த சாம்பல் ஒரு பக்கம், புதிதாகக் கட்டிய வரம்பு மற்றப் பக்கம். என்னைக் கண்டதும் கோடரியைக் கீழே போட்டார். ஒளிக்கவில்லை.

"யுத்தத்தில எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி, திரும்பி வரேக்க இந்த வயல் பத்தைக் காடு. நானும் மனுசியும் கையால பிடுங்கித் துப்புரவாக்கினனாங்கள். மேட்டு வயலை மூத்தவளுக்கு எழுதிக் குடுத்தாச்சு. இன்னும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். இந்தத் துண்டை நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அண்ணை, இதை நான் மறைக்க ஏலாது. சதுப்பு நிலப் பாதுகாப்பு உத்தியோகத்தருக்குச் சொல்லத்தான் வேணும். இனி ஒரு மரத்தையும் தொடாதேங்கோ. சொன்ன உடன நிப்பாட்டினவர் எண்டும் நான் சொல்லுவன்."

வழக்கு வந்தால் மறியல்தான், சிறைதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவருடைய மனைவி சிவபாக்கியம் அக்கா, ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையும் மற்றக் கையில் சீனிப் போத்தலுமாக வரம்பில் வந்துகொண்டிருந்தா. நாங்கள் கதைத்தது முழுவதும் அவாவுக்குக் கேட்டிருந்தது. கோப்பையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னா: "முதல்ல இதைக் குடியுங்கோ பிள்ளை, ஆறப்போகுது. அவரைப் பிறகு மறியலுக்கு அனுப்பலாம்."

மருந்துச் சீட்டு

விதைப்பு முடிந்து, களைக்கு மருந்து அடிக்கிற காலம். கந்தோரில் என் மேசையில் ஒரு சொப்பிங் பை வந்து இருந்தது. உள்ளே செத்த இறால் குஞ்சுகளும் சின்ன மீன்களும். கொண்டுவந்தவர் மரியதாஸ் அண்ணை. களப்பில் வீச்சு வலை வீசிப் பிழைக்கிறவர், கரையிலுள்ள மீனவர் சங்கத்துக்குத் தலைவர். குரலை உயர்த்திக் கதைக்கிற பழக்கமே இல்லாத மனிதர். அப்படிப்பட்டவர்களிடம் பேச்சு வாங்குவதுதான் கஷ்டம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வயல்காரர் மருந்து அடிக்கிற மெசினைக் கழுவுவது களப்புக்குப் போகிற சின்ன ஓடையில். மெசினைத் தண்ணீருக்குள் முக்கி எடுப்பார்கள், மிஞ்சிய மருந்தையும் அதிலேயே ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். "இருங்கோ அண்ணை" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. "வயலுக்கு மருந்து எழுதிக் குடுக்கிறது நீங்கள்தானே மிஸ்?" "ஓம் அண்ணை, களைக்குத்தான்..." என்று இழுத்தேன். பக்கத்து மேசை ஜெயந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தாள். மரியதாஸ் அண்ணை பையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இதுக்கும் ஒரு மருந்து எழுதித் தாங்கோ."

ஊறுகிற கிடங்கு

அந்தப் பையை அப்படியே வயல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள். "ஓடையில கழுவாதேங்கோ எண்டால் எங்க கழுவுறது?" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஓடையிலிருந்து தள்ளி, கிணறு எதுவும் இல்லாத மேட்டில் குழியாக ஒரு கிடங்கு வெட்டி, வைக்கோலும் கரியும் மேல்மண்ணும் போட்டு நிரப்பி, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாவும் வைத்தால் அங்கேயே கழுவலாம், மருந்து கிடங்குக்குள் ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் என்று சொன்னேன். தலையாட்டினார்கள். நான் பயந்துபோனேன்.

நினைத்தபடியே அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. வந்தவ சிவபாக்கியம் அக்கா மட்டும், மண்வெட்டியோடு. அந்த ஓடையில் கொஞ்சம் கீழேதான் தான் உடுப்புத் துவைக்கிறது என்றும், கையெல்லாம் அரிப்பெடுத்துக் கடிக்கிறது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது என்றும் சொன்னா. நாங்கள் இரண்டு பேரும் வெட்டத் தொடங்கினோம். பெண்கள் இருவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நிற்க வெட்கப்பட்டோ என்னவோ, மத்தியானத்துக்குள் நாலைந்து ஆண்கள் வந்து எங்கள் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்தார்கள்.

கிடங்கு ஒரு மருத மர நிழலில் அமைந்துவிட்டது. அதுதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். மெசின் கழுவ வந்தவர்கள் உடனே திரும்பிப் போகாமல் நிழலில் நின்று கதைத்தார்கள். கதைப்பதற்கென்றே மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஓடையில் மறுபடியும் மீன் குஞ்சுகள் தெரியத் தொடங்கிய நாட்களில், கிடங்கு எப்படி வேலை செய்கிறது அக்கா என்று பெருமையாகக் கேட்டேன். சிவபாக்கியம் அக்கா சொன்னா: "மருந்து ஊறுதோ தெரியாது பிள்ளை, ஊர்க் கதை முழுக்க அதுக்குள்ளதான் ஊறுது."

மணல்திட்டில் இரண்டு வரிசை

அந்த மாரி விடாமல் பெய்தது. களப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலமை கந்தோருக்கு வெளிக்கிடுகிற நேரம் சிவபாக்கியம் அக்காவின் போன் கோல் வந்தது. "அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டார் பிள்ளை. ஊரில ஒரு ஆம்பிளை இல்லை, எல்லாரும் முகத்துவாரம் வெட்டவெண்டு போயிட்டினம்." முகத்துவாரம் வெட்டுவதற்கு அரசாங்க அனுமதி இன்னும் வரவில்லை. அனுமதியில்லாமல் வெட்டினால் வழக்கு; கரையில் இருக்கிற மீனவர்கள் விடவும் மாட்டார்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியில் தண்ணீருக்குள் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. அதை ஒரு பனையில் சாத்திவிட்டு மிச்சத் தூரம் நடந்தேன்.

மணல்திட்டில் வயல்காரர் ஒரு வரிசை, கைகளில் மண்வெட்டி. மீனவர் ஒரு வரிசை, கைகளைக் கட்டிக்கொண்டு. ஒரு பக்கம் கடல் இரைகிறது, மறுபக்கம் களப்பு சத்தமில்லாமல் ஏறுகிறது. "என்ர பயிர் குடலையில நிக்குது. கதிர் வெளிய வாற நேரம். இன்னும் தண்ணி நிண்டால் அழுகிப்போம்" என்றார் தம்பிராசா அண்ணை. "இறால் இன்னும் விரல் நீளம் வரேல்லை. இண்டைக்கு வெட்டினால் எங்கட பிள்ளையள் மாசி வரைக்கும் என்னத்தைச் சாப்பிடுறது?" என்றார் மரியதாஸ் அண்ணை. இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒருவர் பிழையாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். வாயில் வந்ததைச் சொன்னேன்: "மரியதாஸ் அண்ணை ஒருக்கா வயலைப் பாருங்கோ. தம்பிராசா அண்ணை ஒருக்கா இறாலைப் பாருங்கோ. பாத்திட்டு வந்து வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ, நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்." பிறகு மரியதாஸ் அண்ணை கரையில் கட்டியிருந்த தன் வள்ளத்தைக் காட்டி, "ஏறுங்கோ" என்றார். நீந்தத் தெரியாத நானும் ஏறினேன்.

நடுக் களப்பில் வலையை வீசி இழுத்து, ஒரு கை இறாலை அள்ளித் தம்பிராசா அண்ணையின் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி மாதிரி உடம்பும் கரும்புள்ளிக் கண்ணுமாகச் சின்னஞ்சிறு இறால்கள். தம்பிராசா அண்ணை அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி எல்லாவற்றையும் போகவிட்டார். பிறகு வயல் பக்கம் போனோம். கண்டல் நின்ற இடத்தில் அலை வேர்களுக்குள்ளேயே அடங்கிப்போயிருந்தது. வரம்பு அப்படியே இருந்தது. கண்டலை வெட்டிய இடத்தில் காற்று தள்ளிய அலை நேரே வந்து மோதி வரம்பை உடைத்திருந்தது. அதற்குள்ளால் தண்ணீர் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தம்பிராசா அண்ணை வள்ளத்திலிருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அந்த உடைவைப் பார்த்தபடி நின்றார். வெட்டியது யார் என்று மரியதாஸ் அண்ணைக்குத் தெரியும். வெட்டுகிற சத்தம் களப்பில் இருந்தவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? இப்போது சொல்லப்போகிறார், இரண்டு பேரும் தண்ணீருக்குள் கட்டிப் புரளப்போகிறார்கள் என்று வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "உடைவு பெரிசில்லை தம்பிராசா. ஆக்கள் சேர்ந்தால் பொழுதுபடமுன்னம் அடைச்சுப் போடலாம்."

உரப்பை ஊர்வலம்

ஆட்கள் சேர்ந்தார்கள். கரையில் இருந்தவர்கள் மணல்திட்டிலிருந்து உரப்பைகளில் மணலை நிரப்பி வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வயல்காரர் வரிசையாகத் தண்ணீருக்குள் நின்று கைமாற்றிக் கைமாற்றி வாங்கி அடுக்கினார்கள். சிவபாக்கியம் அக்கா வயற்கொட்டிலில் உலை வைத்தா. மரியதாஸ் அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா வள்ளத்தில் மீனோடு வந்து இறங்கி, கேட்காமலே குசினிப் பொறுப்பை ஏற்றா. என்னை உரப்பை பிடிக்கச் சொன்னார்கள். முதல் பையிலேயே நான் மண்ணோடு சேர்ந்து தண்ணீருக்குள் விழுந்ததால், தேங்காய் திருவுகிற இடத்துக்கு மாற்றப்பட்டேன்.

உடைவை அடைத்து, மெசின் வைத்துத் தண்ணீரை இறைத்து, பயிரின் தலை வெளியே தெரிந்தபோது மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. முகத்துவாரம் வெட்ட அனுமதி வரும்வரை வயல்காரர் பொறுத்திருந்தார்கள். அதற்குள் இறாலும் கொஞ்சம் வளர்ந்தது. பள்ளத்தில் நின்ற பயிரில் ஒரு பகுதி போனது உண்மை. மிச்சம் தப்பியது. உடைவை அடைத்த அன்று மாலையே, மீன் குழம்போடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தம்பிராசா அண்ணை, அடுக்கியிருந்த மணல் பைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகத்துவாரத்தில ஒரு பிடி மண் வெட்ட விடமாட்டன் எண்டு நிண்டிட்டு, அரைவாசித் திட்டை நீங்களே அள்ளிக்கொண்டு வந்திட்டியள், மரியதாஸ்."

நடந்துபோகிற கட்டை

அடுத்த மாரிக்கும் இதே சண்டை வேண்டாம் என்று, களப்போரத்தில் ஒரு மரக்கட்டை நடுவதென முடிவானது. கட்டையில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் இரண்டு பகுதியும் சேர்ந்துபோய் அனுமதி கேட்பது. தொடும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லாரும் முன்னால் நிற்க நட்டோம். அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன். கோடு அரை முழம் கீழே இறங்கியிருந்தது. அதற்கு அடுத்த கிழமை போனால் கோடு ஏறியிருந்தது, கட்டையும் இரண்டு அடி மேட்டுக்கு நகர்ந்திருந்தது. கேட்டால் வயல்காரர் மாடு இடித்திருக்கும் என்றார்கள். கரையில் இருந்தவர்கள் காற்று என்றார்கள். சிவப்பு வர்ணம் பூசத் தெரிந்த மாட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் சிவபாக்கியம் அக்காவையும் பிலோமினா அக்காவையும் கூப்பிட்டேன். உரப்பை சுமந்த நாளிலிருந்து இவா அவாவுக்கு அரிசி கொடுக்க, அவா இவாவுக்கு இறால் கொண்டுவந்து கொடுக்கிற பழக்கம் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் தண்ணீருக்குள் இறங்கி, போன மாரித் தண்ணீரின் கறை படிந்த கண்டல் மரத்தைப் பார்த்து, கொஞ்சம் இப்படிக் கொஞ்சம் அப்படி என்று வாதாடி, ஒரு இடத்தில் கட்டையை இறக்கி அடித்தார்கள். ஆண்கள் இரு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே பிலோமினா அக்கா பொதுவாக அறிவித்தா: "இனி இதை அசைக்கிற ஆளுக்கு அக்கா வீட்டில சோறும் இல்லை, என்ர வீட்டில கறியும் இல்லை." கட்டை அதற்குப் பிறகு நடக்கவில்லை.

எழுதத் தெரியாமல் போன உத்தியோகத்தர்

கோடை வந்தது. களப்பு வற்றியது. கண்டலை வெட்டி வயலாக்கிய துண்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தம்பிராசா அண்ணை குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற முகம். இவ்வளவு பாடுபட்டு எடுத்த நிலத்தில் இனி ஒரு போகத்துக்கும் நெல் நிற்காது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் முறையிட்டிருந்த பாதுகாப்பு உத்தியோகத்தரும் அந்த நாட்களில்தான் வந்தார். இளம் வயதுக்காரர். எல்லைக்கல் எங்கே, வெட்டிய இடம் எங்கே என்று கேட்டபடி என்னோடு நடந்தார். தம்பிராசா அண்ணை நேரே வந்து அவர் முன்னால் நின்று, "வெட்டினது நான்தான் தம்பி. இந்தத் துண்டை விட்டிடுறன். திருப்பி நட்டும் விடுறன்" என்றார். உத்தியோகத்தர் அவரைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கமக்காரர் அமைப்பின் தலைவரும் வந்து, விட்ட துண்டுக்குப் பதிலாகக் கோடையில் வருகிற சிறுபோகத்தில் பயறு விதைக்க மேட்டில் ஒரு பொதுத் துண்டை இவருக்குக் கொடுக்கிறோம் என்றார். மிஞ்சிய பள்ள வயலுக்கு உவர் தாங்குகிற நெல் விதை எடுத்துத் தருகிறேன் என்று நானும் சொன்னேன். நட்டதைப் போகத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பேன், நடவில்லையென்றால் வழக்குத்தான் என்று உத்தியோகத்தர் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பேனையை மூடிக்கொண்டே தலையைச் சொறிந்தார்: "எல்லா இடமும் வெட்டின ஆளைத் தேடித்தான் திரியிறனான் ஐயா. நான்தான் வெட்டினனான் எண்டு முன்னுக்கு வந்த முதல் ஆள் நீங்கள். இப்ப எனக்கு என்னத்தை எழுதுறதெண்டு தெரியேல்லை."

மாடு

கண்டல் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். அதைச் சேற்றில் செங்குத்தாக ஊன்றிவிட்டால் முளைக்கும். மரியதாஸ் அண்ணை களப்பின் மறுகரையில் விழுந்துகிடந்த காய்களை வள்ளத்தில் பொறுக்கிக்கொண்டு வந்தார். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஊன்றி முடித்தோம். இலை விட்டதும் படம் எடுத்துக் கந்தோரில் எல்லாருக்கும் காட்டினேன். ஜெயந்திக்கு இரண்டு தடவை காட்டினேன். அடுத்த முறை போனபோது ஒரு இலை இல்லை. வெறும் குச்சிகள். மாடு மேய்ந்துவிட்டது. யாருடைய மாடு என்று விசாரிக்க, நான் கோபமாகத்தான் கிளம்பினேன். விசாரணை அதிக தூரம் போகவில்லை. சிவபாக்கியம் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றா: "வெட்டினதும் எங்கட வீடு, நட்டதும் எங்கட வீடு, திண்டதும் எங்கட வீட்டு மாடு. வேலி அடைக்கவும் நாங்களே வாறம், போங்கோ."

பார்க்க வந்தவர்கள்

வேலி அடைத்து, மறுபடி நட்டு, இப்போது கண்டல் என் தோளளவுக்கு வந்துவிட்டது. வேர்களுக்குள் இறால் குஞ்சுகள் ஒதுங்குகின்றன என்று மரியதாஸ் அண்ணை சொல்கிறார். கொக்குகளும் அதையேதான் சொல்கின்றன போலிருக்கிறது, கூட்டமாக வருகின்றன. உவர் தாங்குகிற நெல் மேட்டு நெல்லளவுக்கு விளையவில்லை, ஆனால் விளைந்தது. மேட்டில் போட்ட பயறு நல்ல காய்ப்பு. போன மாரியில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்ட நாளில், சத்தமில்லாமல் இரண்டு பகுதியும் சேர்ந்துபோய் அனுமதி கேட்டார்கள். முகத்துவாரம் வெட்டிய அன்று மண்வெட்டி பிடித்தவர்களில் பாதிப்பேர் மீனவர்.

இதைக் கேள்விப்பட்டு, அறுவடைக் காலத்தில் தூர இடத்திலிருந்து ஒரு குழு வந்தது. இரண்டு வாகனம், கமரா, தொப்பி. வயலையும் காக்கலாம் களப்பையும் காக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம் என்று அவர்கள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மழைக்கோட்டோடு நனைந்த நாளெல்லாம் ஞாபகம் வந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டும் நின்றேன். குழுவின் பெரியவர் தம்பிராசா அண்ணையிடம், இந்த ஒற்றுமையை உங்களுக்கு யார் படிப்பித்தது என்று கேட்டார். தம்பிராசா அண்ணை என்னைப் பார்த்தார், தூரத்தில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த மரியதாஸ் அண்ணையைப் பார்த்தார், யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தரும் படிப்பிக்கேல்லை ஐயா. சண்டை பிடிச்சனாங்கள், களைச்சுப் போனம், பசிச்சுது, பிறகு இருந்து கதைச்சனாங்கள்."

வருகிற மாரிக்கும் சண்டை வரும் என்கிறாள் ஜெயந்தி, எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று சண்டை பிடிப்பது, முடிந்ததும் யார் வீட்டில் சாப்பிடுவது என்பதையெல்லாம் இவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டதால், இந்த முறை எனக்குத் தேங்காய் திருவுகிற வேலை மட்டும்தான் மிச்சம்.